ஊசி வைக்காத இசைத்தட்டு

தம்பி,

உன் வண்டி நம் தோட்டத்துக்கு வரும் நாளில் அந்த ஓடக்காரன் பாட்டை மட்டும் போடாதே. நலம் விசாரித்து, ஊர் விஷயமெல்லாம் எழுதி, கடைசியில் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடிதத்தின் முதல் பத்தியைப் படித்துவிட்டு மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று சட்டைப் பையில் செருகிக்கொள்கிற பழக்கம் உனக்கு உண்டு, பெற்றவளுக்குத் தெரியாதா? அதனால்தான் முதலிலேயே எழுதிவிட்டேன். ஏன் என்பதை மெதுவாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படி. வண்டியில் உன்னோடு வருகிறவர்களுக்கும் படித்துக் காட்டு. அவர்களுக்கும் உதவக்கூடும்.

சர்க்கார் ஒலிபெருக்கி வண்டியில் உனக்கு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். சிரம்பான் ரேடியோ கடையில் பின்னறையில் உட்கார்ந்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்த பையன், இப்போது தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் போடப் போகிறான். "கம்பி வேலிக்குள்ளே அடைந்து கிடக்கிற சனங்களுக்குப் பாட்டுத்தான் மருந்து, அதை நான் அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுத்த மாதச் சுற்றில் நம் தோட்டமும் இருக்கிறது, அன்றைக்கு அப்பாவின் பாட்டை வேலிக்குள் எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி போடப் போகிறேன், அப்பாவிடம் சொல்லிவிடாதே என்றும் எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை. ஆனால் நீ பார்த்தது பாதிதான் தம்பி. மீதிப் பாதி, சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கிற வடிகாலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

சின்னையா செத்தது உனக்குத் தெரியும். தோட்டத்து லோரி டிரைவர். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க விட்டவன். சாயங்காலத்தில் நம் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்து, "கிராணி ஐயா, அந்த ஓடக்காரன ஒரு தடவ ஓட விடுங்க" என்பான். அப்பாவும் ஆபீஸ் கணக்கை மூடி வைத்துவிட்டுக் கிராமபோனுக்குக் கைப்பிடியைச் சுற்றிப் போடுவார். கேட்டுக் கேட்டே அவன் அந்தப் பாட்டைப் பாடக் கற்றுக்கொண்டான். இரண்டாவது அடியில் எப்போதும் வார்த்தை மறந்துவிடும். மறந்த இடத்தில் தன் பெண்டாட்டி பேரைப் போட்டு நிரப்புவான். இடையில் வாத்தியம் வருகிற இடத்தில் லோரி ஹார்னை அடிப்பான். அவன் வருவது கோலா சாவா திருப்பத்திலேயே தெரிந்துவிடும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண்கள், "அஞ்சல, ஒன் பாகவதர் வர்றாருடி" என்று சிரிப்பார்கள். அஞ்சலை, "ஹார்னுக்கு இருக்கிற சுதிகூட அதுக்குக் கெடையாது" என்பாள். ஆனால் அடுப்பில் உடனே காப்பித் தண்ணீர் ஏறிவிடும்.

அன்று அவனும் அப்பாவும் ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் கிடந்தது. சின்னையா வண்டியை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டான். பாட்டை அவன் நிறுத்தவில்லையாம். பாடிக்கொண்டே தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். அதற்குள் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் சுட்டுவிட்டார்கள். அப்பா கால் வைக்கிற இடத்தில் சுருண்டு கிடந்தார். அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டு போகிறவரை அசையவில்லை. ராணுவ வண்டி வந்து தூக்கும்வரை அங்கேயே கிடந்தார். இதுவரை நீயும் கேட்டிருப்பாய். நீ கேட்காத ஒன்று உண்டு. அந்த ரோட்டைப் பற்றி அப்பா என்னிடம் தானாகச் சொன்னது அது ஒன்றுதான். "இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்தது. தகரத்துல கைய வெச்சிருந்தேன், அதிருச்சு. அதனால அவன் இருக்கான்னு நெனச்சேன்." ராணுவக்காரர் ஒருவர் கையை விட்டுச் சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தியபோதுதான் அப்பா கத்த ஆரம்பித்தாராம்.

வீட்டுக்கு வந்தவர் குளித்தார், சாப்பிட்டார். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். மறுநாள் காலையில் பெரட்டில் பேர் கொடுக்க ஆள் கூப்பிடத் தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா எழுதுகிற மேசைக்கு அடியில் போய்விட்டார். கை நடுங்கத் தொடங்கியது, நிற்கவில்லை. பேனா பிடிக்க முடியவில்லை, கோப்பை பிடிக்க முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து தூங்குவதற்கு மருந்து கொடுத்தார். தூங்கி எழுந்ததும் அதே நடுக்கம். நான் கல்லூரியில் மனத்தைப் பற்றிப் படித்தவள். பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மனிதனை எப்படி வெளியே வரச் சொல்வது என்று அந்தப் படிப்பில் எங்கும் இருந்ததாக எனக்கு நினைவு வரவில்லை. கிராமபோனை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது அவரே அங்கிருந்து விரலை நீட்டிக் காட்டினார். ஓடக்காரனைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. பாட்டு முடிந்ததும் திரும்ப ஆரம்பித்தது. ஊசியைத் தூக்கி முதலில் வைத்தேன். அப்படி வைத்து வைத்துத்தான் அவரை மேசைக்கு வெளியே கொண்டு வந்தேன்.

இப்போது வடிகாலுக்கு வருகிறேன். நீ ஓடி விளையாடிய காலத்தில் தொழிலாளர் குடியிருக்கிற லயம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நம் வீட்டில் என்ன பாடினாலும் அங்கே கேட்காது. அங்கே மாரடித்து அழுதாலும் நமக்குக் கேட்காது. அவசரகாலம் வந்து, காட்டில் இருக்கிறவர்களுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாதென்று எல்லா வீடுகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து ஆபீசைச் சுற்றி நெருக்கமாக வைத்து, கம்பி வேலி போட்டார்கள். அஞ்சலை வீட்டுக்கும் நம் சமையற்கட்டுக்கும் நடுவில் இப்போது ஒரு வடிகால்தான். வீடுகள் கிட்ட வந்த அளவுக்கு என் புத்தி கிட்ட வரவில்லை. அப்போது சின்னையாவுக்கு இன்னும் கருமாதி முடியவில்லை. லயத்தில் யாரும் ரேடியோவைத் திருகவில்லை, கோயில் மணியைக்கூட மெதுவாக அடித்தார்கள். நான் அஞ்சலைக்கு எண்ணெயும் அரிசியும் கொடுத்தனுப்பினேன், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், வீட்டுக்கு வந்து பாட்டும் போட்டேன். அவர்கள் துக்கம் அவர்களுடையது, கிராணி வீட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது என்று உள்ளுக்குள் எங்கோ நினைத்திருக்கிறேன். சத்தம் வெளியே போகாமல் இருக்கக் கிராமபோன் குழாய்க்குள் பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்தேன். அதையே பெரிய மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் அஞ்சலை வந்து பின்வாசலில் நின்றாள். துக்க வீட்டுக்காரி, உள்ளே வரமாட்டாள்.

"கிராணியம்மா, அத நிறுத்துங்க."

"அவருக்கு முடியல அஞ்சல. அது ஓடினாத்தான் கை நிக்குது."

"எங்க வீட்டுல இன்னும் காரியம் முடியல. நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

"சத்தமா வைக்கல. துணியெல்லாம் அடைச்சுத்தான் வெச்சிருக்கேன்."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அதாம்மா சொல்றேன். துணி அடைச்சதுல இருந்து, வாய்க்கரிசி போட்ட வாயோட அது பாடுற மாதிரி இருக்கு. அதுக்கு நீங்க சத்தமாவே வெச்சிருக்கலாம்."

நான் போய் ஊசியைத் தூக்கிவிட்டேன். அன்றைக்கு அப்பா சுவரில் தலையை முட்டிக்கொண்டார். மரச்சுவர் தம்பி, லயம் முழுக்கக் கேட்கும். நெற்றியில் தலையணையை வைத்துப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தழும்பைப் பற்றி நீ கேட்டபோது, குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று சொன்னேன். அதை இப்போது திருத்திக்கொள்.

காரியம் முடிந்ததும் அஞ்சலை வெட்டுக்குப் போக ஆரம்பித்தாள். போகாமல் எப்படி? முதல் நாள் வாளியும் கத்தியுமாகப் பெரட்டுக்குப் போகிறவள், நம் பின்வாசலில் நடையைக் குறைத்து, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "சுவத்துல முட்டுறது எனக்கும் கேக்குது. நான் வெட்டுக்குப் போயிட்டுப் பால் ஊத்திட்டு வர்றதுக்குள்ள வெச்சுக்குங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. வேலிக் கதவு திறக்கும். பெண்களை வரிசையில் நிற்க வைத்து, மடியில் சோறு கீறு ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று தடவிப் பார்த்து அனுப்புவார்கள். அஞ்சலை தலை ரோட்டைத் தாண்டி மரங்களுக்குள் மறைந்த பிறகு நான் கைப்பிடியைச் சுற்றுவேன். அவள் திரும்பும் வேளைக்குள் மூடி விடுவேன். அந்த நேரத்தில் அப்பாவின் கை நிற்கும். பேனாவும் பிடிப்பார். ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்பது அப்போதுதான். துரையும் அதற்குச் சம்மதித்திருக்கிறார். நீ லீவில் வந்து பார்த்தது இந்த நேரத்தைத்தான். காலை பஸ்ஸில் வந்தாய், அப்பா தாளம் போட்டுக்கொண்டு எழுதுவதைப் பார்த்துக் கண் கலங்கினாய், பெண்கள் வெட்டு முடிந்து திரும்புவதற்கு முன் அம்பாங்கானில் சித்தப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டாய். உன் மேல் தப்பில்லை. உனக்கு நல்லதாகக் காட்ட வேண்டும் என்று நானும் நினைத்தேன்.

சிரிக்கவும் சில நேரம் இருந்தது. சிரம்பானில் ஊசி டப்பா வாங்கி வந்தபோது வேலிக் கதவில் காவலுக்கு நின்ற பையன் டப்பாவை ஆட்டிப் பார்த்தான். "என்னலா இது கிராணியம்மா, இத்தன ஊசி? காட்டுல இருக்கிறவங்களுக்குத் துணி தைக்கவா?" என்றான். பாட்டுக்கு என்றேன். "பாட்டுக்கு ஊசி போடுவாங்களா? ஏன், பாட்டுக்குக் காய்ச்சலா?" என்று பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலையும் அந்த வரிசையில் இருந்தாள். அவள் டப்பாவைப் பார்த்தாள். மற்றவர்கள் சிரித்து முடிக்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழையைப் பற்றி நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. மரம் நனைந்தால் வெட்டு இல்லை என்பது இந்தத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குத் தெரியும். வெட்டு இல்லையென்றால் அஞ்சலை வீட்டில் இருப்பாள். அவள் வீட்டில் இருந்தால் பாட்டு இல்லை. வருஷக் கடைசியில் மழை பிடித்தால் லேசில் விடாது என்பதும் உனக்குத் தெரியும். விடியும்போது நான் வானத்தைப் பார்க்கிற பார்வையை யாராவது கவனித்தால், இவளுக்கும் மரம் வெட்டுகிற நிரை இருக்கிறது போல என்றுதான் நினைப்பார்கள். முதல் மழை நாளில் அப்பா கிராமபோனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "போடேன்" என்றார். "அஞ்சலை இருக்கா" என்றேன். அவருக்குப் புரிந்தது. புரிந்தும் நடுக்கம் நிற்கவில்லை. அவர் கை மேசையில் பட்டுப் பட்டுத் தாள்களெல்லாம் பறந்தன. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை வைத்தேன், கைப்பிடியைச் சுற்றினேன், ஓட விட்டேன். ஊசியை மட்டும் இறக்கவில்லை. தட்டு சும்மா சுழன்றது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, உள்ளங்கையைப் பெட்டியின் மரத்தில் வைத்தார். பெட்டிக்குள் இயந்திரம் ஓடுகிற அதிர்வு லேசாகத் தெரியும். நடுக்கம் முழுக்க நிற்கவில்லை. ஆனால் சுவர்ப் பக்கம் அவர் போகவில்லை. மற்ற மழை நாட்களும் அப்படித்தான் போகின்றன. முறுக்கு தளர்ந்து தட்டு மெதுவானால் அவர் முகம் மாறிவிடும். அதனால் தளர விடாமல் நான் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சமைப்பதற்குக்கூட எழுந்திருக்க முடியாது.

அப்படி ஒரு மழை நாளில் அஞ்சலை தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். நெருப்புக்காக வந்தாள், அவள் வீட்டு விறகு நனைந்துவிட்டது. கொள்ளியை எடுத்துக்கொண்டு திரும்பியவள் வாசல் நிலையில் நின்று உள்ளே பார்த்தாள். தட்டு சத்தமில்லாமல் சுழன்றுகொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் கையை வைத்திருந்தார்.

"ஊசி போடாம எதுக்கும்மா ஓடுது?"

"நீ வீட்டுல இருக்கியே."

கொள்ளியில் புகை வந்துகொண்டிருந்தது. பிறகு, "எந்தத் தட்டு?" என்றாள்.

"அதுதான்."

"ரெண்டாவது அடி வந்துருச்சு இப்போ" என்றாள். சத்தமில்லாத தட்டைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு, "நீங்க ஊசி போட்டாலும் போடாட்டியும் எனக்குக் கேக்குதும்மா. போடாம இருக்கிறப்ப அதுல என் பேரும் வருது" என்று சொல்லிவிட்டுச் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு வடிகாலைத் தாண்டிப் போனாள். அவள் பின்னால் போயிருக்க வேண்டும். கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. அப்பா கண் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் தம்பி. இந்தப் பெட்டி அப்பாவைக் குணமாக்குகிறதா, அல்லது அந்த ரோட்டிலேயே, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிற அந்த லோரிக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கிறதா? தட்டு சுழல்கிறவரை சின்னையா இருக்கிறான். நின்றால் இல்லை. அதனால்தான் நிற்க விடாமல் சுற்றச் சொல்கிறாரோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. நிறுத்திப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்வேன். எனக்கு அந்தப் பாட்டு இப்போது பிடிப்பதே இல்லை. உன்னைத் தூங்க வைக்க நானும் பாடிய பாட்டுத்தான் அது. அப்பாவிடம் இதைச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவு காலம் ஆனது.

பாட்டு மருந்து என்கிறாய். இருக்கலாம். மருந்தென்றால், டிரஸ்ஸர் ஒருவருக்குக் கலந்ததை லயத்துக்கே ஊற்றமாட்டார். சின்னையா வாசற்படியில் உட்கார்ந்து பாடியபோது, எதிரில் இருக்கிறவர் முகம் சுருங்கினால் அவனே நிறுத்திவிடுவான், வேறு பாட்டுக்குப் போவான், இல்லாவிட்டால் கேலி பேசுவான். பெட்டிக்கு முகம் தெரியாது. முறுக்கு இருக்கிறவரை அது பாடும். உன் ஒலிபெருக்கி அதைவிடப் பெரிய பெட்டி. காதை மூடிக்கொண்டால்கூட உள்ளே வரும். வேலிக்குள்ளே இருக்கிற சனத்துக்கு எழுந்து தூரப் போகவும் முடியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லயம் இருந்த காலத்திலாவது, பிடிக்காதவர்கள் மரக்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். இப்போது வேலிக் கதவு அவர்கள் கையில் இல்லை. அதனால் நீ போகிற இடத்தில், ஒலிபெருக்கியைத் திருகுவதற்கு முன்னால் வண்டியை விட்டு இறங்கு. லயத்துக்குள் நட. எந்த வீட்டில் துக்கம், யாருக்கு எந்தச் சத்தம் ஆகாது என்று கேள். நம் சனங்கள் மறைக்கமாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள். கேட்டு முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது என்று உன் மேலதிகாரி முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும். அந்த வீட்டு ஆட்கள் வெளியே போகிற நேரம் எது என்று கேட்டுக்கொள். அவர்கள் வேண்டாம் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போ. அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கமாட்டார்கள்.

நம் தோட்டத்துக்கு வரும் நாளில் அதையே செய். அப்பாவுக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. வேலிக்கு மேலே கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து அந்தப் பாட்டு வந்தால் அப்பாவுக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும். இரண்டாவது அடியில், அஞ்சலையின் பேர் வர வேண்டிய இடத்தில், தட்டில் இருக்கிற சரியான வார்த்தை வேலி முழுக்கக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு அவள் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பாள். எனக்கு அதை நினைக்கவே முடியவில்லை.

வண்டி எந்த நாளில் வரும் என்பது உன் கையில் இல்லை. ஆனால் லீவு கேட்பது உன் கையில்தான் இருக்கிறது. வெயில் நாளில் வராதே, அன்றைக்கு அப்பாவுக்குப் பாட்டு இருக்கிறது. மழை பிடித்த நாளாகப் பார்த்து வா. புதுத் தட்டு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முறுக்கு தளராமல் அந்தக் கைப்பிடியை நீ சுற்று. உன் கையில் அது இருந்தால், நான் அந்த வடிகாலைத் தாண்டிப் போய்க் கொஞ்ச நேரம் அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அம்மா